தோரியின் துடுப்பு

லியோனி விளக்கின் பொத்தானை மூன்றாவது தடவையாக அழுத்திப் பார்த்தாள். எரியவில்லை. மூன்று வருஷம் அலமாரியில் கிடந்த விளக்கு இன்றைக்கு மட்டும் எப்படி எரியும்? அங்கி, வெள்ளைப் பொய்முடி, உயரமான காலணி, அவசரத்துக்கு ஊசி நூல், பசை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தவள் பாட்டரியை மட்டும் மறந்துவிட்டிருந்தாள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அவள் பாட்டரியோடு வந்த வருஷம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

முகத்தில் நீலமும் சிவப்பும் பூசிக்கொண்டு கால்பந்துக்குப் போகிற கூட்டம் ரயிலில் அவளைப் பார்த்து ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டது. தாங்கள் போட்டிருப்பது மட்டும் வேஷமில்லை என்று அவர்களுக்கு நினைப்பு. லியோனிக்கு முப்பத்தெட்டு வயது. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. இந்தப் பார்வையெல்லாம் அவளுக்குப் பழகிப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஜூலை மாதத்து மழை, நிற்பதுமில்லாமல் பெய்வதுமில்லாமல் தூறிக்கொண்டிருந்தது.

இன்று அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விழாவுக்கு ரோவேனா வரவேண்டும். வந்தால் அவள் எதிரே போய் நின்று, அந்தக் கதை நல்ல கதை, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாகத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருந்தாள். பத்து வார்த்தைகூட வராது. அதைச் சொல்ல இவளுக்கு மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் இதே அனிமே விழாவின் வாசல் வரிசையில்தான் இருவரும் சந்தித்தார்கள். லியோனி ‘உப்புக்கரை’ தொடரில் வரும் மினாசேயின் வேஷத்தில் நின்றாள். பின்னால் இருந்து யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். திரும்பினால் அதே தொடரின் தோரி, கையில் துடுப்போடு. விழாவுக்குள் வந்துவிட்டால் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கட்டியிருக்கும் வேஷத்தின் பெயர்தான் பெயர். தோரியின் பெயர் ரோவேனா என்பதும், நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போர்ட் அகஸ்டாவிலிருந்து வருகிறாள் என்பதும் மறுநாள் சாயங்காலம் பிரியும்போதுதான் லியோனிக்குத் தெரிந்தது.

‘உப்புக்கரை’ பெரிய கதையொன்றும் இல்லை. ஒரு தீவு. அதன் துறையில் விளக்குப் பிடிக்கிறவள் மினாசே. தினமும் இருட்டியபின் ஓடம் ஓட்டி வருகிறவள் தோரி. துடுப்புச் சத்தம் கேட்டதும் மினாசே விளக்கைத் தூக்கி, “யாரு?” என்பாள். “நான்தான். வேற யாரு வரப்போறா?” என்பாள் தோரி. இருபத்தாறு பகுதியிலும் இது உண்டு. இதற்குப் போய் அழுதவர்கள் அடிலெய்டில் மட்டும் சில நூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் தாங்கள்தான் முதல் இரண்டு பேர் என்று லியோனிக்கும் ரோவேனாவுக்கும் பெருமை.

வருஷத்துக்கு இரண்டு நாள் நேரில், மீதி நாளெல்லாம் போனில் என்று அந்தச் சிநேகம் ஓடியது. இரண்டாவது வருஷம் ரோவேனாவின் நீலச் சட்டையை லியோனியே தைத்துக் கொடுத்தாள். அதன் கீழ்விளிம்பில் தங்க நூலில் ஏழு மீன்கள். ஆறு மீன்கள் ஒரு பக்கம் போக, அவசரத்தில் ஒரு மீன் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. பிரித்துத் தைக்கிறேன் என்றதற்கு ரோவேனா விடவில்லை. “இருக்கட்டும்டி. எல்லாரும் ஒரு பக்கம் போனா நீ மட்டும் வீம்புக்கு இன்னொரு பக்கம் போவ. அது நீதான்” என்றாள். அந்த வேஷத்துக்குப் பை கிடையாதென்பதால், இடது பக்க உள்தையலில் வெளியே தெரியாமல் ஒரு சின்னப் பையும் வைக்கச் சொன்னாள். எதற்கென்றால் பாட்டரிக்கு. “விளக்கைத் தூக்கிட்டு வரத் தெரியுது. தலையை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வந்துடு” என்று சொல்லி, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பையிலிருந்து சின்னக் காசு அளவில் மூன்று பாட்டரியை எடுத்துக் கொடுப்பாள்.

வீம்பு என்று அவள் சொன்னது பலித்துவிட்டது. ரசிகர்கள் தாங்களே கதை எழுதிப் போடும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் செப்டம்பர் மாதம் அதில் யாரோ புனைபெயரில் ஒரு கதை எழுதியிருந்தார்கள். தோரி ஒருநாள் துடுப்பைத் துறையில் சாத்தி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விடுகிறாள். மினாசே அதன்பிறகும் தினமும் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. படித்ததும் லியோனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘தோரி சொல்லாமல் போகிறவள் இல்லை. இதை எழுதியவர் வாழ்க்கையில் யாரையும் நேசித்ததில்லை போலிருக்கிறது’ என்று கதைக்குக் கீழே எழுதிவிட்டாள். நாற்பத்தொரு பேர் அதை ஆமோதித்தார்கள்.

மறுநாள் ரோவேனா போன் செய்தாள்.

“அது நான் எழுதினதுடி.”

அந்த இடத்தில் மனுஷ ஜென்மம் யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். லியோனி கேட்கவில்லை. அப்படியானால் பத்து வருஷம் வேஷம் கட்டியும் உனக்குத் தோரியைத் தெரியவில்லை என்றாள். ரோவேனா, “லியோ, கதையை விடு. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். நீ ஒன்றும் சொல்லவேண்டாம் என்று லியோனி போனை வைத்தாள். அதோடு விடாமல் அவள் எண்ணையும் தடுத்துவைத்தாள். கார்ட்டூன் பொம்மை ஒருத்தி சொல்லிக்கொண்டு போவாளா, சொல்லாமல் போவாளா என்பதற்காக ரத்தமும் சதையுமான சிநேகிதியை வெட்டிவிடுகிறவர்கள் உலகத்தில் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

அதன்பின் வந்த இரண்டு ஜூலையும் லியோனி விழாவுக்குப் போகவில்லை. தான் இல்லாமல் ரோவேனாவும் போயிருக்கமாட்டாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். இந்த வருஷம் ‘உப்புக்கரை’ வெளிவந்து பதினைந்து வருஷம். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பெரிய மண்டபத்தின் படிக்கட்டில் அந்தத் தொடரின் வேஷக்காரர்கள் எல்லோரும் கூடிப் படம் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் தடையை எடுத்துவிட்டு, ‘ஜூலைல வரியா?’ என்று ஒரு செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பதினைந்தாவது வருஷத்தை ரோவேனா தவறவிடவே மாட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் வழியில் பேக்கரியில் பச்சைப் பூச்சு போட்ட தவளை வடிவக் கேக் இரண்டு வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். ரோவேனா தவளையின் தலையைத்தான் முதலில் கடிப்பாள்.

மண்டபத்துக்குள் நுழையும் முன்னால் ஆயுத மேசை. வாளோ வில்லோ விளக்கோ, கையில் எது இருந்தாலும் அங்கே காட்டி, யாரையும் காயப்படுத்தாது என்று பார்த்தபின் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு நிறம். விழா முடிந்ததும் வெட்டி எறியலாம் என்பது விதி. வெட்டி எறிகிற ரசிகர் எவரும் கிடையாது. பட்டைகள் ஏற ஏறத்தான் மரியாதை. மேசையில் இருந்த பெண்மணி லியோனியின் விளக்குப் பிடியைத் திருப்பிப் பார்த்தாள்.

“கடைசியா பச்சையில நிக்குது. ஆரஞ்சும் ஊதாவும் காணோமே. ரெண்டு வருஷம் எங்க போயிட்டீங்க?”

வேலை அதிகம் என்று லியோனி முனகினாள். அந்தப் பெண்மணி பச்சைக்குப் பக்கத்தில் இந்த வருஷத்து வெள்ளைப் பட்டையைக் கட்டி இறுக்கினாள்.

உள்ளே ஈரக் கோட்டு வாசனையும் சூடான சிப்ஸ் வாசனையும் கலந்து அடித்தது. படம் விற்கிறவர்கள், பொம்மை விற்கிறவர்கள் மேசைகளையெல்லாம் லியோனி ஒரு சுற்று வந்தாள். பாட்டரி மட்டும் எவரிடமும் இல்லை. நான்கு பேர் அவளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தோரி எங்கே என்று கேட்டார்கள். வருவாள் என்று நான்கு பேரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உறுதியாகிவிட்டது.

பன்னிரண்டரைக்குப் படிக்கட்டுக்குப் போகும்போதுதான் அதைப் பார்த்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு துடுப்பின் அகலப் பகுதி, ஓரத்தில் வெள்ளைச் சாயம் உரிந்த ரோவேனாவின் துடுப்பு, மெல்ல அசைந்தபடி எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. லியோனி சிறகு கட்டியவர்களையும் வால் கட்டியவர்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கேக் பெட்டி யார் கவசத்திலோ மோதி நசுங்கியது. கிட்டே போனதும் நீலச் சட்டையின் கீழ்விளிம்பு தெரிந்தது. ஆறு மீன்கள் ஒரு பக்கம். ஒன்று எதிர்ப்பக்கம்.

“தோரி!”

திரும்பிய முகம் ரோவேனாவின் முகம் இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண். மூக்கில் சின்ன வளையம்.

“அப்பாடா, ஒரு மினாசே கிடைச்சாச்சு! காலையிலேர்ந்து தேடறேன்” என்று அவள் சிரித்தாள்.

லியோனிக்கு முதலில் வந்தது கோபம்தான். விற்றுவிட்டாள். நான் தைத்ததைக் கண்காணாத யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லிவிட்டாள் என்று நினைத்தாள்.

“இந்தச் சட்டை உனக்கு எங்க கிடைச்சுது?”

கேட்ட விதம் அந்தப் பெண்ணுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் பெயர் ஃப்ரேயா. திருடியதாகச் சொல்கிறார்களோ என்று பயந்தவள்போல அவசரமாக விவரம் சொன்னாள். பழைய வேஷங்கள் விற்கிற இணையப் பக்கத்தில் போர்ட் அகஸ்டாவிலிருந்து ஒரு அம்மாள் போட்டிருந்தார்களாம். சட்டை, துடுப்பு, தொப்பி எல்லாம் சேர்த்து. ஏப்ரல் மாதம் இவளே அப்பாவின் காரில் போய் வாங்கிவந்தாளாம்.

“அவங்க பொண்ணோடதாம். போன நவம்பர்ல இறந்துட்டாங்களாம். கான்சர். ரெண்டு வருஷத்துக்கு மேல படுத்தி எடுத்துடுச்சுன்னு அந்த அம்மா சொன்னாங்க.” அவள் லியோனியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

லியோனி குனிந்து சட்டை விளிம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இந்த மீனைத் தைச்சது நான்” என்றாள்.

ஃப்ரேயா அவளைக் கைப்பிடித்து ஓரமாக அழைத்துப்போய்ச் சுவரோரம் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். லியோனி குடிக்காமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பரிலிருந்து பின்னால் போனால், இரண்டு வருஷத்துக்கு மேல். அந்தச் செப்டம்பர். அந்தக் கதை. சொல்லாமல் போகப்போகிறவளைப் பற்றி யாரும் சும்மா உட்கார்ந்து எழுதவில்லை. டாக்டர் சொன்னதை வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் அவள் கதையில் எழுதிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் தைரியம் வந்து, நான் ஒன்று சொல்லணும் என்று போனில் வாயைத் திறந்தும்விட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை. தோரி சொல்லாமல் போகிறவள் இல்லை என்று எழுதியது சரியாகத்தான் இருந்தது. சொல்லவிடாமல் செய்தவள் மினாசே.

துடுப்பு ஃப்ரேயாவின் மடியில் குறுக்காகக் கிடந்தது. அதன் கழுத்தில் வருஷ வரிசையாகப் பட்டைகள். லியோனியின் விரல் அவற்றின்மேல் போயிற்று. பச்சை. அதற்குப் பிறகு ஆரஞ்சு. பிறகு ஊதா. கடைசியில் வெள்ளை.

“இந்த ஆரஞ்சும் ஊதாவும் உன்னுதா?”

“இல்லயே. எனக்கு இதுதான் முதல் வருஷம். வெள்ளை மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் வாங்கும்போதே இருந்துச்சு.”

ஆக, வந்திருக்கிறாள். இரண்டு வருஷமும் வந்திருக்கிறாள். அந்த உடம்போடு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, ஆயுத மேசையில் துடுப்பை நீட்டிப் பட்டை கட்டிக்கொண்டு, மினாசே எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் வருவாள் என்று சொல்லியிருப்பாள். அந்த இரண்டு சனிக்கிழமையும் லியோனி பன்னிரண்டு நிலையம் தள்ளி வீட்டில் சோபாவில் படுத்திருந்தாள். வேறு வேலைகூட இல்லை. சும்மாதான் இருந்தாள். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பொய்முடியும் மையும் பவுடருமாக, ஆயிரம் பேர் போகிற வழியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் நிற்கவில்லை. ஏதோ காட்சியை நடித்துப் பார்க்கிறாள் என்று நினைத்திருக்கலாம்.

ஒரு மணி ஆயிற்று. ஒலிபெருக்கியில் ‘உப்புக்கரை’ ஆட்களைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றாள் ஃப்ரேயா. லியோனி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சட்டை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதைத் தனியாக நிற்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

படிக்கட்டில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மீன்காரர்கள், கப்பல் தலைவன், உப்பு வியாபாரி எல்லோரும் உண்டு. மினாசே ஒருத்திதான். தோரியும் ஒருத்திதான். பெரிய காமிராவோடு நின்ற ஆள் முதலில் எல்லோரையும் சேர்த்து எடுத்தான். பிறகு ஜோடியை மட்டும் நடுவில் நிறுத்தி, விளக்கைத் தூக்கும் காட்சி வேண்டும் என்றான்.

“மினாசே, விளக்கைப் போடுங்க.”

“பாட்டரி இல்ல” என்றாள் லியோனி.

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஃப்ரேயாவின் பக்கம் திரும்பினாள்.

“இடது கைக்குக் கீழ, உள்தையல்ல ஒரு பை இருக்கும். விரலை விட்டுப் பாரு.”

அப்படி எதுவும் கிடையாது, நானே இரண்டு தடவை துவைத்து இஸ்திரி போட்டேன் என்றாள் ஃப்ரேயா. இருந்தாலும் விரலை விட்டாள். தடவினாள். அவள் முகம் மாறியது. தையலுக்குள்ளிருந்து சின்ன உறை ஒன்றை வெளியே எடுத்தாள். பிரிக்காத உறை. தண்ணீர் பட்டு அட்டை வெளுத்திருந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளே மூன்று பாட்டரிகள் பத்திரமாக இருந்தன.

லியோனி அதைக் கையில் வாங்கினாள். தலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவளுக்காக, கடைசி வருஷமும் ஒருத்தி இதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரேயாதான் பல்லால் கடித்துப் பிரித்து விளக்கின் அடியில் போட்டாள். பொத்தானை அழுத்தியதும் எரிந்தது.

“ரெடி. வசனத்தையும் சொல்லிடுங்க, முகம் நல்லா வரும்” என்றான் காமிராக்காரன்.

லியோனி விளக்கைத் தூக்கினாள். “யாரு?”

“நான்தான்” என்றாள் ஃப்ரேயா. “வேற யாரு வரப்போறா?”

மினாசே கண்ணை மூடிவிட்டாள், இன்னொரு தடவை என்றான் காமிராக்காரன்.

லியோனி மறுபடி விளக்கைத் தூக்கினாள். வெளிச்சம் நீலச் சட்டையில் பட்டு, மீன்கள்மேல் விழுந்தது. இந்தத் தடவை அவள் யாரு என்று கேட்கவில்லை.

“அந்தக் கதை நல்ல கதைடி” என்றாள். “நான் சொன்னது தப்பு.”

தொடரில் அப்படி ஒரு வசனம் கிடையாது. ஃப்ரேயா துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் நன்றாக வந்துவிட்டது என்று சொல்லி, காமிராக்காரன் மீன்காரர்களைக் கூப்பிட்டான்.